கயிறு கொடுக்கிற வழக்கம் இல்லை

இந்த வண்டி இப்படிப் புளியமரத்தடியில் காக்கா எச்சத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறதே, இதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள்தான் அம்மணி. மழை காரணம் இல்லை, வெயில் காரணம் இல்லை. ஒரு ஆள். பேரைச் சொல்லமாட்டேன். அந்தப் பேரை இந்த வாசலில் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், டாக்டர் என்னைத் திட்டுவார், நான் டாக்டரைத் திருப்பித் திட்டுவேன், அப்புறம் வேறு டாக்டர் தேடணும். காங்கயத்தில் நான் இன்னும் சண்டை போடாமல் மிச்சம் வைத்திருக்கிற டாக்டர் அவர் ஒருத்தர்தான்.

வாங்க, வெயிலில் நிற்காதீங்க. நீங்கதானே கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசினது? பேர் என்ன சொன்னீங்க? சொல்லவே இல்லையா? சரி விடுங்க. சந்தையில் மாடு பார்க்க வந்தவரிடம் பேரா கேட்கிறோம்? பையை இப்படிக் கொடுங்க, நிழலில் வைக்கிறேன். வேண்டாமா? கட்டைப்பைக்குள் அப்படி என்னதான் இருக்கு, முறத்தைப் போட்ட மாதிரி வட்டமாகத் துருத்திக்கொண்டு? சரி சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்க. நான் பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறேனா?

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகன். கண்ணபுரம் சந்தையில் போய்க் கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் என்னைக் கும்பிடுவான், பாதிப் பேர் திட்டுவான். திட்டுகிறவன் எல்லாம் என்னிடம் விலை பேசித் தோற்றவன். அப்பன் சேர்த்து வைத்த சொத்து கிடையாது, பள்ளிக்கூடத்தில் வாத்தியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்ததோடு படிப்பும் சரி. துண்டைப் போட்டு அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசிப் பேசியே இந்த வீட்டைக் கட்டினேன். அதனால் என்னிடம் பேரம் பேசலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே அதைக் கழற்றி அந்தப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்க.

வண்டி மேட்டரைப் பச்சையாகவே சொல்கிறேன். தரைத் தகடு போய்விட்டது. உள்ளே காலை வைத்தால் வண்டியிலும் ஏறலாம், தரையிலும் நடக்கலாம். கண்ணாடியில் ரெண்டு விரிசல். வயரை எலி தின்றுவிட்டது. பின் சீட்டில் கோழி அடைகாக்கிறது, விலை பேசும்போது கோழி அதில் சேராது. ஆனால் எஞ்சின் இருக்கிறதே, அது கல்லு. முன்னால் அந்த நெளிசல் தெரிகிறதா? பயப்படாதீங்க. மாட்டுக்குச் சுழி இருக்கிற மாதிரி அது. சில சுழி குடியைக் கெடுக்கும், சில சுழி வீட்டுக்கு யோகம். இது யோகம். சென்னிமலை இறக்கத்தில் ஒரு பாறையை முட்டியது. பாறைதான் பெயர்ந்தது.

இது எழுபத்தெட்டு மாடல். வேன் என்று சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்காது. இதன் பேர் செவலை. இப்போது துரு நிறத்தில் இருக்கிறது, அன்றைக்குப் பெயிண்டே அந்த நிறம்தான். செவலைக் காளை மாதிரி மினுமினு என்று இருக்கும்.

உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஒருத்தன் வந்ததும் வராததுமாக டயரை ஒரு உதை விட்டான். "ஏன்டா, மாடு வாங்க வந்தவன் மாட்டை உதைப்பானா? பல்லைப் புடிச்சுப் பார்ப்பான், திமிலைத் தடவிப் பார்ப்பான். நீ யாருடா உதைக்கறதுக்கு?" என்று கேட்டேன். போய்விட்டான். இன்னொருத்தன் இதன் வயிற்றை அறுத்து ஜன்னல் வைத்து டீக்கடை போடுகிறேன் என்றான். நான் அவன் வயிற்றைப் பார்த்தேன். அவனும் போய்விட்டான். அப்புறம் கேமராவோடு ஒருத்தன். கல்யாண ஜோடியை இதில் சாய்த்து நிறுத்திப் படம் பிடிப்பானாம். வண்டி ஓடவேண்டியதில்லையாம், துரு அப்படியே இருக்கட்டும், அழுக்குத்தான் அழகாம். "அப்படின்னா குளிக்காத பொண்ணு மாப்பிள்ளையாப் பார்த்துப் படம் புடி சாமி" என்று அனுப்பிவிட்டேன்.

நான் விற்கமாட்டேன் என்று இல்லை. விற்பதற்குத்தானே நிறுத்தியிருக்கிறேன். இதைப் போனில் படம் போட்டு விற்பனைக்கு என்று எழுதியதே பால் சொசைட்டிப் பையன். நான் சொல்லவே இல்லை, அவனாகப் போட்டுவிட்டான். யார் சொல்லிப் போட்டான் என்று கேட்டால் பல்லைக் காட்டுகிறான். இன்றைக்குச் சாயங்காலம் காயலான் கடைக்காரன் லாரியோடு வருகிறான். நீங்க எடுக்கவில்லை என்றால் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போடச் சொல்லிவிட்டேன். ஆமாம், இன்றைக்கு முடிவு.

கேட்டீங்களா உள்ளே இருந்து வருகிற சத்தத்தை? என் வீட்டுக்காரி, பாவாயி. "போன தையிலயும் இதையேதான் சொன்னீங்க, லாரிக்காரன் டீ குடிச்சுட்டுத் திரும்பிப் போனான்" என்கிறாள். அது வேறு விஷயம். அன்றைக்கு அவன் தராசு சரியில்லை.

அட, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கடியில் வைக்கிறீங்க! கை பிரேக் பிடிக்காது என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். பேச ஆரம்பித்தால் எனக்கு என்ன சொன்னேன் என்றே தெரியாது. அந்தக் கதவு திறக்காதுங்க, விடுங்க, அதற்கு ஒரு பக்குவம்... திறந்துவிட்டீங்களே! கைப்பிடியை மேலே தூக்கி இடுப்பால் ஓர் இடி, சரியாக அதேதான். டயரை உதைத்தவன் அரை மணி நேரம் மல்லுக்கட்டினான் அதோடு. உங்களுக்குக் கை ராசி.

எடுத்தால் யார் சரி செய்வார்கள்? உங்க பட்டறையிலேயேவா? பொம்பளைப் பிள்ளை பட்டறை வைத்திருக்கிறீங்களா! அப்பாவும் நீங்களுமா? நல்லது. அப்பா மெக்கானிக்கா? முதலில் டிரைவர், அப்புறம் மெக்கானிக். நல்ல மனுசனாகத்தான் இருப்பார். மகளை நம்பி ஒரு வண்டி பார்த்துவரத் தனியாக அனுப்புகிறார் பாருங்க, அவர் மனுசன். நான் சொல்கிற ஆள் மாதிரியா இருப்பார்?

அந்த ஆளைப் பற்றிக் கேட்கிறீங்களா? நான் பேச விரும்பவில்லை. நீங்க கேட்டதால் சொல்கிறேன்.

அந்த ஆள் பாவாயியின் தம்பி. எனக்கு மாப்பிள்ளை முறை. அவன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்த அக்கா என் வீட்டுக்காரிதான். அக்காவும் தம்பியும் ஓர் உயிர் என்று ஊர் முன்னால் செய்கிற சீர் அது. அதைச் செய்துவிட்டு ரெண்டு பேரும் அழுத அழுகையில் பந்தியில் குழம்பு உப்புக் கரித்தது. எனக்கு அப்போதே கோபம். கல்யாண வீட்டில் என்ன அழுகை?

ஸ்டீயரிங் பிடிக்க மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பேசத் தெரியாது, விலை கேட்கத் தெரியாது. எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது, மற்றதெல்லாம் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேன் வாங்கிக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆள் ஏற்றலாம் என்று ஆரம்பித்தோம். உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் இதை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். நான் விலை பேச உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவன், கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் திரும்பி வருவதுமாக மில்காரனை ஒரு வழிக்குக் கொண்டுவருகிறேன். திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் வண்டி மூஞ்சியைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான்! கண்ணில் தண்ணி வேறு! மில்காரன் அதைப் பார்த்துவிட்டான். அப்புறம் எங்கே இறங்குவான்? விலை படிகிறதற்குள் பொருளைத் தடவுகிறவனைச் சந்தைக்குள்ளேயே விடக்கூடாது அம்மணி. வழி பூராவும் திட்டிக்கொண்டே வந்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு வருகிறான். "மச்சான், இது செவலைக்காளை மாதிரியே இழுக்குது" என்றான். அந்தப் பேர் அவன் வைத்ததுதான். சரி, அந்த ஒன்று நல்லாத்தான் வைத்தான்.

உட்காருங்க. அங்கே வேண்டாம், எஞ்சின் பெட்டி மேல்... உட்கார்ந்துவிட்டீங்களே. சீட்டில் கோழி இருக்கிறது என்று அங்கே போனீங்களா? டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெட்டி வண்டி ஓடினால் சுட்டுவிடும். அந்த ஆளின் மகள் அதில்தான் உட்காருவாள். ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அது மேல் ராணி மாதிரி. ரெட்டை ஜடை, ரெண்டு பல் இருக்காது. பழனிக்குப் போனால் அங்கேதான், பொண்ணு வீட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனாலும் அங்கேதான். வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள், அப்பவும் இறங்கமாட்டாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும், "மாமா, இப்ப யாரை ஏமாத்தப் போறோம்?" என்று சத்தமாகக் கேட்பாள். பின்னால் இருக்கிற கல்யாணக் கூட்டம் பூராவும் சிரிக்கும். எனக்கு மானம் போகும்.

மண்டபத்து வாசலில் பந்தி முடிகிற வரைக்கும் என்ன செய்வது? துண்டைப் போட்டு அவளோடு விலை பேசுவேன். இந்த விரல் பிடித்தால் இவ்வளவு, இந்த ரெண்டையும் சேர்த்துப் பிடித்தால் இவ்வளவு என்று. பெரிய ஆளுகளுக்கே புரியாது, அவளுக்கு டக்கென்று பிடிபட்டுவிட்டது. ஆனால் ஒரு கெட்ட பழக்கம். பேரம் ஆரம்பிக்கும் முன்னால் துண்டுக்கடியில் என் சுண்டுவிரலை நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். "எதுக்கு அம்மணி கிள்ளறே?" என்றால், "நீங்க தூங்கறீங்களான்னு பார்க்கறேன் மாமா" என்பாள். கழுதை. எங்கே இருக்கிறாளோ. எனக்கென்ன, அவள் அப்பன் இருக்கிறான் பார்த்துக்கொள்ள.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஆளாளுக்குக் கார் வாங்கிவிட்டான். எங்களுக்கு ஓட்டம் குறைந்தது. ஆளுக்கொரு வழி பார்ப்போம் என்று உட்கார்ந்து பேசினோம். சண்டையே இல்லை, கேட்டுக்கொள்ளுங்க. சிரித்துச் சிரித்துத்தான் பேசினோம். செவலை அவனுக்கு, கொட்டகையும் மற்றதும் எனக்கு. நானே சொன்னேன், "வண்டி உன்னுதுதான் மாப்பிள்ளை, ஓட்டத் தெரிஞ்சவன் கையிலதான் அது இருக்கணும்." இதைவிட என்ன சொல்லணும் ஒரு மனுசன்?

வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். புதுச் சட்டை. பொண்டாட்டி, மகள், டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் கொண்டுவந்தான். நான் முந்தின நாளே என் வேலையை முடித்து வைத்திருந்தேன்.

இங்கேதான் நீங்க கவனமாகக் கேட்கணும். எங்க தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை விற்போம், கயிற்றைக் கொடுக்கமாட்டோம். கயிறு நம்ம வீட்டில் தங்கணும். மாட்டோடு கயிறும் போனால் பட்டியில் இருக்கிற லட்சுமியும் பின்னாலேயே போய்விடும். வாங்குகிறவன் அவன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிப் பிடித்துப் போவான். நான் விற்ற ஒவ்வொரு மாட்டின் கயிறும் கொட்டகை ஆணியில் தொங்குகிறது, போய்ப் பாருங்க. மாட்டுக்கு அப்படி என்றால் வண்டிக்கு? மாட்டை எதைப் பிடித்து ஓட்டுகிறோம்? கயிற்றை. வண்டியை எதைப் பிடித்து ஓட்டுகிறோம்? நீங்களே சொல்லுங்க.

ஆமாம். ஸ்டீயரிங்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

சிரிக்கிறீங்களா, அழுகிறீங்களா? நீங்க கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதில் ஒன்றும் தெரிய மாட்டேன் என்கிறது. தூசிதான், ஆமாம், கோழி றெக்கை அடித்தால் அப்படித்தான் கிளம்பும்.

அந்த ஆள் ஏறி உட்கார்ந்தான். ரெண்டு கையையும் நீட்டினான். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கை ரெண்டும் அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம், "மச்சான், ஸ்டீயரிங்?" என்றான்.

"அது கயிறு மாப்பிள்ளை. கயிறு குடுக்கிற வழக்கம் இல்லைன்னு உனக்குத் தெரியாதா? நீ புதுசு ஒண்ணு போட்டுக்க."

"அதுல அக்கா பின்னின வயர் இருக்குது மச்சான்."

பச்சையும் மஞ்சளுமாக வயர் கூடை பின்னுகிற மாதிரி பாவாயி அந்த ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பின்னிக் கொடுத்திருந்தாள், அவன் கை வழுக்கக்கூடாது என்று. அவன் கை பட்டுப் பட்டுப் பச்சை எது மஞ்சள் எது என்றே தெரியாது.

"அதுக்கென்ன, புதுசுக்கும் பின்னித் தரச் சொல்றேன்" என்றேன். எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்க!

அவன் என்னைப் பார்த்தான். கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் கத்தியிருப்பேன், பத்து நிமிசத்தில் காப்பி குடித்திருப்போம். கத்தவில்லை. "நான் என்ன, சந்தைக்கு வந்தவனா மச்சான்?" என்று மட்டும் கேட்டான். அவ்வளவுதான். இறங்கினான். டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்தான், சட்டைப்பையில் போட்டான், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். பாவாயி பின்னாலேயே ஓடினாள். அந்தக் குழந்தை எஞ்சின் பெட்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு... அவள் அம்மா தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்குப் போனவர்கள்தான்.

இதில் என் தப்பு என்ன இருக்கு? சொல்லுங்க. வழக்கத்தை நானா உண்டாக்கினேன்? வாயைத் திறந்து, "கொடுங்க மச்சான்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? கேட்கமாட்டான். ரோசக்காரன். அதற்கப்புறம் ஒரு விசேஷத்துக்கு வருவதில்லை. பாவாயி தம்பி வீட்டுக்குப் போவதில்லை. போக வேண்டாம் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவாள், போய்விடுவாள். நான் என்ன செய்ய?

லட்சுமி தங்கினாளா என்று கேட்கிறீங்க. தங்கினாள், தங்கினாள். வீடு இருக்கிறது, கொட்டகை இருக்கிறது. வீட்டில்தான் பேச ஆள் கிடையாது. இவள் நாலு வார்த்தை பேசினால் மூன்று வார்த்தை கோழியோடு.

என்ன பாவாயி? உனக்கு யார் நடுவில் பேசச் சொன்னது? அவள் சொல்வதைக் கேட்காதீங்க. சாயங்காலம் ஆனால் நான் ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனாம். எண்ணெய் போடுகிறேன்! துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் போடுகிறேன், அவ்வளவுதான். எண்ணெய் போட மடியில் வைக்காமல் தலையிலா வைப்பார்கள்? வெள்ளிக்கிழமை ஆனால் அதற்குப் பொட்டு வைக்கிறாளே இவள், அதைச் சொல்லட்டும்.

என்ன அது தட்டில்? ஒப்பிட்டா? போளி சுட இன்றைக்கு என்ன நாள்? பாருங்க அம்மணி, இதுதான் எனக்குப் புரியவில்லை. வண்டி பார்க்க வருகிறவனுக்கு இவள் தண்ணி கொடுத்தே நான் பார்த்ததில்லை. சொம்பைத் தேடுகிறேன் என்று உள்ளே போனால் ஆள் போன பிறகுதான் வெளியே வருவாள். இன்றைக்கு விடியற்காலையிலேயே பருப்பு வேகப் போட்டுவிட்டாள். நெய் வேறு ஊற்றியிருக்கிறாள். எனக்கு நெய் ஆகாது என்று ஒளித்து வைத்த நெய்! சாப்பிடுங்க. ஏன் அந்த அம்மணியின் தலையைத் தடவுகிறே பாவாயி, வந்த இடத்தில் அவங்க என்ன நினைப்பாங்க? போ உள்ளே. வயசானால் இவளுக்கு யாரைப் பார்த்தாலும் இப்படி.

சரி. வியாபாரத்துக்கு வருவோம். லாரிக்காரன் வந்துவிடுவான். உங்களைப் பார்த்தால் எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. நீங்க டயரை உதைக்கவில்லை, வண்டியை வேன் என்று சொல்லவில்லை, தகரத்தைத் தட்டிப் பார்க்கவில்லை. ஏறும்போது கூரையைக் கையால் தொட்டுக் கும்பிட்டீங்க, நான் பார்த்தேன். அதனால் முறையாக விலை பேசுவோம். ஆனால் முதலிலேயே சொல்கிறேன், வண்டி வரும், கயிறு வராது. உங்க ஸ்டீயரிங்கை நீங்கதான் கொண்டுவரணும். மூஞ்சியைத் திருப்பாதீங்க. எனக்கு வழக்கம் வழக்கம்தான்.

வாயால் பேசினால் எனக்கு விலை வராது. துண்டு போட்டால்தான் வரும். பொம்பளைப் பிள்ளையோடு துண்டு போட்டதில்லை, கை நீட்டச் சொல்வதே எனக்குக் கூச்சமாக இருக்கு. நீங்களே நீட்டிவிட்டீங்களா? தைரியம்தான். விரல் கணக்கு தெரியாதே உங்களுக்கு? பரவாயில்லை, சொல்லித் தருகிறேன். இப்படிக் கையை உள்ளே விடுங்க. துண்டை நன்றாக மூடுங்க, காக்காய்கூடப் பார்க்கக்கூடாது. முதலில் கட்டைவிரலைப் பிடித்தால்...

ஏய்.

இரு.

இன்னொரு தடவை கிள்ளு.

கண்ணாடியைக் கழற்று. கழற்று என்கிறேன். முடியை ஏன் இப்படி வெட்டி வைத்திருக்கிறாய், அடையாளமே தெரியாமல்? ரெட்டை ஜடை எங்கே? சிந்துஜா. சிந்துஜாதானே நீ? அடிப்பாவி. மாமா மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் குரலிலேயே பிடித்திருப்பேனே. இவ்வளவு நேரம் என்னை வாயாடவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, உன் அப்பன் மாதிரியே! கல்லை வைத்தாய், கதவைத் திறந்தாய், அந்தப் பெட்டி மேல் போய் உட்கார்ந்தாய், நான் ஒரு மடையன் உனக்குக் கை ராசி என்கிறேன்!

பாவாயி! இங்கே வா. உனக்குத் தெரியும். எப்போதிலிருந்து? நேற்றேவா? பால் சொசைட்டிப் பையனைப் படம் போடச் சொன்னதும் நீதானா? என் வீட்டில் நான் ஒருத்தன்தான் அன்னியனா? அழாதே. ஒப்பிட்டு உப்புக் கரிக்கப்போகிறது. ரெண்டு பேரும் அழாதீங்க. எனக்கா? எனக்குத் தூசி.

பையில் என்ன இருக்கு, எடு. காட்டு.

ஸ்டீயரிங்.

புதுசு. யார் கொடுத்து அனுப்பினது? அவனா? என்ன சொன்னான்? அப்படியே சொல்லு, நீயாகச் சர்க்கரை போடாதே. "மச்சான் வழக்கத்தை மாத்தமாட்டாரு. நம்ம கயிறை நாம கொண்டுபோயிருவோம்"னு சொன்னானா? அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னானா? பார்த்தாயா பாவாயி உன் தம்பியின் திமிரை! இத்தனை வருசம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது என் வழக்கத்துக்கு இறங்கி வருகிறானாம். யாருக்கு வேண்டும் அவன் இறங்கி வருவது? அதுவும் மகளை முன்னால் விட்டு! சந்தையில் இப்படிச் செய்தால் என்ன பேர் தெரியுமா?

அவன் எங்கே இப்போது? பட்டறையிலா?

பஸ் ஸ்டாப்பிலா?

காலையில் உன்னோடு இறங்கியவன் இந்நேரம் வரைக்கும் அங்கேயே நிற்கிறானா? இந்த வெயிலிலா? அங்கே நிழல்கூடக் கிடையாதே. அன்றைக்குப் போய் நின்ற அதே இடத்தில். உள்ளே வர என்ன கேடு அவனுக்கு? வாசலில் நாயா கட்டியிருக்கிறேன்? பார், பார், ரோசத்தைப் பார்.

சிந்துஜா, எழுந்திரு. ஒப்பிட்டைக் கையில் எடுத்துக்கொள், நடந்துகொண்டே தின்னலாம். உன் அப்பனிடம் போய் நான் சொன்னதாக இதைச் சொல்லு, ஒரு வார்த்தை விடாமல் சொல்லு. அந்தப் புது ஸ்டீயரிங்கை அவனே வைத்துக்கொள்ளட்டும், அது இந்த வண்டிக்குப் பொருந்தாது. செவலைக்கு வேறு கயிறு ஆகாது. ஆணியில் தொங்குகிறது ஒன்று, அக்கா பின்னின வயரோடு, எண்ணெய் போட்டு மினுமினு என்று. அதை நான் கொடுக்கமாட்டேன். கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை, உயிர் போனாலும் கொடுக்கமாட்டேன். கொட்டகைக் கதவு திறந்துதான் கிடக்கிறது. அவனே வந்து, அவன் கையால் எடுத்துக்கொள்ளட்டும். நான் அந்தப் பக்கம் திரும்பி மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பேன்.

லாரிக்காரனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் தராசு எப்படியும் சரியில்லை.

அந்த ஆள் செய்ததை அந்த ஆள்தான் சரி செய்யணும், வேறு யாரும் செய்ய முடியாது. அன்றைக்குப் பாதியில் இறங்கிப் போனது அவன்தான், இன்றைக்கு ஏறி உட்காரவேண்டியதும் அவன்தான். சீக்கிரம் வரச் சொல்லு, அக்கா இலை போடப் போகிறாள். எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லு. டயருக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனானே, அவனே கொண்டுவந்து அவன் கையால் அதே இடத்தில் வைக்கட்டும்.